கணக்கு எழுத வந்தவர்கள் வானத்தை அளந்தார்கள்

அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தகடும் ஏதோ ஓர் இரவில் எடுத்த வானத்தின் புகைப்படம். ஃபிலிம் நெகட்டிவைப் போலவே இதிலும் எல்லாம் தலைகீழ்: வானம் வெளுப்பாகவும், விண்மீன்கள் மிளகுத்தூள் அளவு கறுப்புப் புள்ளிகளாகவும் தெரியும். பல தகடுகளில் அந்தப் புள்ளிகளைச் சுற்றி மையால் சின்னச் சின்ன வட்டங்கள், அம்புக்குறிகள், எண்கள். கண்ணாடி மீது அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களுக்கு அங்கே விஞ்ஞானி என்று பெயர் கிடையாது. 'கம்ப்யூட்டர்' என்றார்கள். இயந்திரம் வருவதற்கு முன்பு அது மனிதர்கள் பார்த்த ஒரு வேலையின் பெயர். ஆண்கள் இரவில் தொலைநோக்கியை இயக்கிப் படம் பிடிப்பார்கள். பகலில் பெண்கள் அந்தப் படத்தை அளந்து, எண்ணி, நோட்டில் பதிவார்கள். முன்னது ஆராய்ச்சி, பின்னது குமாஸ்தா வேலை என்று கருதப்பட்டது. சம்பளமும் அதற்கேற்றாற்போல், மணிக்கு 25 முதல் 50 சென்ட் வரை.

பிரபஞ்சத்தின் அளவு, சூரியன் எதனால் ஆனது என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கும் விடை அந்தக் குமாஸ்தா மேசைகளிலிருந்துதான் கிடைத்தது. அதற்குப் பிறகும் கணிதத்தில், கணினித் துறையில், விண்வெளித் துறையில் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. யார் தரவை நாள் முழுக்கக் கண்ணால் பார்க்கிறாரோ, அவருக்குத்தான் அதில் ஒளிந்திருப்பது முதலில் தென்படும். அப்படிப் பார்த்தவர்களைச் 'சும்மா கணக்குப் போடுபவர்கள்' என்று ஒதுக்கிவைத்த நிறுவனங்கள், பல சமயங்களில் தங்களுடைய தலைசிறந்த விஞ்ஞானிகளையே ஒதுக்கிவைத்தன.

வீட்டு வேலைக்கு வந்தவர்

வில்லியமினா ஃபிளெமிங் 1857-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர். கணவரோடு பாஸ்டனுக்கு வந்தார். கர்ப்பிணியாக இருந்தபோது கணவர் கைவிட்டுப் போய்விட்டார். பிழைப்புக்காக வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீடு ஹார்வர்டு வான் ஆய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீடு. ஃபிளெமிங்கின் திறமையைக் கவனித்த பிக்கரிங், 1881-ல் அவரை ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஒளியை முப்பட்டகத்தில் பிரித்தால் நிறமாலை என்ற வண்ணப் பட்டையில் கோடுகள் விழும். விண்மீனுக்கு விண்மீன் அந்தக் கோடுகள் மாறும். அவற்றை வைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஃபிளெமிங் வகைப்படுத்தினார். முந்நூறுக்கும் மேற்பட்ட ஒளி மாறும் விண்மீன்களைக் கண்டுபிடித்தார். இன்று வானியல் காலண்டர்களில் தவறாமல் இடம்பெறும் குதிரைத் தலை நெபுலாவை 1888-ல் ஒரு தகட்டில் முதலில் பார்த்தவர் அவர். ஆனால் பின்னர் வந்த வானப் பொருள் பட்டியலில், கண்டுபிடித்தவர் என்று பிக்கரிங்கின் பெயர் மட்டுமே அச்சானது.

1900-ல் எழுதிய நாட்குறிப்பில் ஃபிளெமிங் தன் மனக்குறையை மறைக்கவில்லை. தனக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், ஆண் உதவியாளர்கள் சிலருக்கு 2,500 டாலர் என்ற வித்தியாசத்தைக் குறிப்பிட்டு வருந்துகிறார். தானும் ஒரு குடும்பத்தைத் தாங்க வேண்டியவள்தானே என்பது அவருடைய நியாயமான கேள்வி. அந்தச் சம்பளத்தில்தான் மகனை எம்.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் படிக்க வைத்தார்.

அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்றவர் ஆனி ஜம்ப் கேனன். காது ஏறக்குறைய கேட்காது. கண்ணோ நிமிடத்துக்கு மூன்று விண்மீன்களை வகைப்படுத்தும் அளவுக்குப் பழகியிருந்தது. வாழ்நாளில் சுமார் மூன்றரை லட்சம் விண்மீன்களை அவர் தரம் பிரித்தார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று இன்றைக்கும் வானியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரிசை அவர் வகுத்தது. 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஹார்வர்டு அவருக்கு முறையான பதவி தந்ததோ 1938-ல், அவர் சேர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

25 விண்மீன்கள், ஓர் அளவுகோல்

அதே அறையில் வேலை பார்த்தவர் ஹென்ரியட்டா லீவிட். இவருக்கும் செவித்திறன் குறைவு. கூலி மணிக்கு 30 சென்ட். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் அரெகிபாவில் எடுத்த தகடுகள் கப்பலில் வந்து சேரும். அவற்றில் ஒளி மாறும் விண்மீன்களைத் தேடுவது லீவிட்டின் பொறுப்பு.

தேடும் விதம் இது. ஓர் இரவின் தகட்டிலிருந்து பாசிட்டிவ் பிரதி எடுக்க வேண்டும். அதில் விண்மீன்கள் வெள்ளையாக இருக்கும். வேறோர் இரவின் நெகட்டிவை அதன் மேல் சரியாகப் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். ஒளி மாறாத விண்மீனில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். மாறியிருந்தால் புள்ளியின் ஓரத்தில் மெல்லிய வளையம் எட்டிப்பார்க்கும். வளையம் தெரிந்ததும் அந்த விண்மீனின் ஒளி எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். அதற்கு ஒரு சிறு கருவி: வெவ்வேறு ஒளியளவுள்ள விண்மீன்களின் பிம்பங்கள் வரிசையாகப் பதிந்த கண்ணாடிச் சில்லு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. அதைப் புள்ளியின் அருகே வைத்து ஒப்பிட்டு எண்ணை எழுதுவார்கள். ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு விண்மீன் கூட்டங்களில் 1,777 ஒளி மாறும் விண்மீன்களை லீவிட் கண்டறிந்து 1908-ல் வெளியிட்டார். பட்டியல் போட்டதோடு அவர் நிற்கவில்லை. பிரகாசமான விண்மீன்கள் மெதுவாகவும் மங்கலானவை வேகமாகவும் கூடிக்குறைவதைக் கவனித்து அதையும் குறித்துவைத்தார். 1912-ல் சிறிய மெகல்லன் மேகத்தின் 25 விண்மீன்களைக் கொண்டு அந்த உறவை வரைபடமாகவே போட்டுக் காட்டினார்.

அதன் அருமை என்ன? தூரத்து மலையடிவார ஊரில் இரவில் விளக்குகள் எரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எவ்வளவு தொலைவு என்று நமக்குத் தெரியாது. ஆனால் எல்லா விளக்கும் அந்த ஒரே ஊரில் எரிவதால், அதிகம் பளிச்சிடுவது நிஜமாகவே பெரிய விளக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். மெகல்லன் மேகத்து விண்மீன்கள் எல்லாம் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதை லீவிட் அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டார். ஒரு விண்மீன் கூடிக்குறைய எத்தனை நாள் எடுக்கிறது என்று எண்ணினால், அதன் உண்மையான ஒளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். உண்மையான ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். அண்டவெளியை அளக்க மனிதகுலத்துக்குக் கிடைத்த முதல் நீளமான அளவுகோல் இது.

அந்த மூன்று பக்க அறிக்கை பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளிவந்தது. தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று முதல் வரியில் அவர் நேர்மையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து ஆராயும் வாய்ப்பு லீவிட்டுக்குக் கிடைக்கவில்லை. வட துருவத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களின் ஒளியளவை நிர்ணயிக்கும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டது. அதையும் குறையின்றிச் செய்தார். 1921 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார்.

இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தில் அதே வகை விண்மீன் ஒன்றைக் கண்டார். லீவிட்டின் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அது நம் பால்வீதிக்கு வெகு வெளியே இருப்பது தெரிந்தது. பால்வீதிதான் பிரபஞ்சம் என்ற எண்ணம் அன்றோடு முடிந்தது. 1925-ல் ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக் லெஃப்லர், நோபல் பரிசுக்கு லீவிட்டைப் பரிந்துரைக்க விரும்பி அவருக்கே கடிதம் எழுதினார். லீவிட் இறந்துவிட்ட செய்தியே அவருக்கு எட்டியிருக்கவில்லை.

25 வயதில் சூரியனை அறிந்தவர்

லீவிட் இறந்து இரண்டு ஆண்டுகளில் ஹார்வர்டுக்கு வந்து சேர்ந்தார் செசிலியா பெய்ன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தவர். பெண் என்பதால் அங்கே பட்டம் தரவில்லை. 1948 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டமே வழங்கவில்லை.

பெய்னுக்கு முன்னால் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, கேனனும் மற்ற பெண்களும் பல்லாண்டு உழைப்பில் சேர்த்துவைத்த நிறமாலைத் தகடுகள். இன்னொன்று, வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் மேக்நாத் சாஹா 1920-ல் தந்த சமன்பாடு. வெப்பம் ஏற ஏற அணுக்கள் எந்த அளவுக்கு எலக்ட்ரான்களை இழக்கின்றன என்பதை அது கணக்கிட்டுச் சொல்லும். நிறமாலையில் கோடு தடிமனாக இருந்தாலே அந்தத் தனிமம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் வெப்பத்தின் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது அதனால் புரிந்தது.

பெய்ன் கழித்துப் பார்த்தார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. பூமி எதனால் ஆனதோ ஏறக்குறைய அதே சரக்கால்தான் சூரியனும் ஆனது என்று அன்றைய அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். பெய்னின் கணக்கோ, விண்மீன்களில் உலோகங்களைவிட ஹைட்ரஜன் சுமார் பத்து லட்சம் மடங்கு அதிகம் என்றது. அன்றைய அமெரிக்க வானியலின் பெரிய தலை ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது சாத்தியமே இல்லை என்று கடிதம் எழுதினார். 1925-ல் சமர்ப்பித்த ஆய்வேட்டில், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்ற பொருளில் பெய்னே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளில் ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பெய்னின் பணியையும் குறிப்பிட்டார். ஆனாலும் பெருமையின் பெரும்பகுதி நெடுங்காலம் ரஸ்ஸல் பக்கமே சாய்ந்திருந்தது.

ஹார்வர்டில் பெய்ன் பாடம் நடத்தினார். 1945 வரை அந்த வகுப்புகள் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் அச்சாகவே இல்லை. 1956-ல்தான் முழுப் பேராசிரியர் ஆனார். துறைத் தலைவரும் ஆனார். சூரியன் எதனால் ஆனது என்று உலகுக்குச் சொல்லி அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

துணைநிலைப் பணியாளர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட, கணிதம் படித்த பெண்களை அமெரிக்க ராணுவம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அமர்த்தியது. ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதை விரைவுபடுத்தத்தான் எனியாக் என்ற மின்னணுக் கணினி கட்டப்பட்டது. சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. அதற்கு நிரல் எழுத ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். கையேடு எதுவும் கிடையாது. மின்சுற்று வரைபடங்களைக் கொடுத்து, நீங்களே படித்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். புரிந்துகொண்டார்கள். 1946 பிப்ரவரியில் செயல்முறை விளக்கம் நடந்தபோது, குண்டின் பாதையை அந்த இயந்திரம் 20 விநாடிகளில் போட்டுக் காட்டியது. அன்று இரவு நடந்த விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பில்லை. அரசு ஆவணத்தில் அவர்களுடைய நிலை 'துணைநிலைப் பணியாளர்'. கணினி நிரலாக்கம் என்ற தொழிலையே தொடங்கிவைத்தவர்களை அந்தப் பெட்டியில்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

வர்ஜீனியாவின் லாங்லி விமான ஆய்வு மையத்திலும் அதே பெட்டிதான். அங்கே 1943-லிருந்து கறுப்பினப் பெண்களும் கணக்கிடும் பணியில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் தனிக் கட்டடம், உணவகத்தில் தனி மேசை. மேரி ஜாக்சன் பொறியாளர் ஆவதற்கான மாலை வகுப்பு, வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் நடந்ததால், அதற்குள் நுழைய நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. டோரதி வாகன், இயந்திரக் கணினி வருவதை முன்கூட்டியே உணர்ந்து ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைத் தானும் கற்று, தன்னோடு வேலை பார்த்த பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர்களுடைய வேலை பறிபோகாமல் காத்தது அந்த முன்யோசனை.

1953-ல் லாங்லியில் சேர்ந்தார் கேத்தரின் ஜான்சன். அவர் பிறந்த ஊர்ப் பகுதியில் கறுப்பினக் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியே இல்லை. படிப்புக்காகவே குடும்பம் வேறு ஊரில் வீடு பார்த்தது. 18 வயதில் பட்டம் பெற்றுவிட்டார். லாங்லியில் விண்கலப் பாதைகள் பற்றிப் பொறியாளர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. போகத் தொடங்கினார். 1960-ல் பூமியைச் சுற்றும் கலத்தை விரும்பிய இடத்துக்கு மேலே கொண்டுவரும் கணக்கு பற்றிய ஆய்வறிக்கையில் அவர் பெயரும் ஆசிரியராக அச்சானது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அப்படி வந்தது அதுவே முதல் தடவை.

1962 பிப்ரவரி 20-ல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்பட்டார். அதற்கு முன்னால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஐ.பி.எம். கணினி சொன்ன எண்களை அந்தப் பெண் கையால் சரிபார்க்கட்டும், அவர் சரி என்றால் நான் தயார். மேசைக் கணக்குப்பொறியில் ஒன்றரை நாள் உட்கார்ந்து ஜான்சன் ஒவ்வொரு எண்ணையும் போட்டுப் பார்த்தார். எண்கள் பொருந்தின. கிளென் மூன்று முறை பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். ஜான்சனுக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருது கிடைத்தபோது அவருக்கு வயது 97.

சென்னை மறுத்த பட்டம்

கேத்தரின் ஜான்சன் பிறந்தது 1918 ஆகஸ்ட் 26. அதற்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 23 அன்று, திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர் அன்னா மாணி. இவருடைய கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அல்ல.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் முடித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளி எப்படி எழுகிறது என்பதே ஆய்வு. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையைப் பதிவு செய்தார். வைரத்தின் ஒளி மிக மங்கல் என்பதால் ஒரு தகட்டில் அது பதிய 15, 20 மணி நேரம் ஆகும். ராத்திரியெல்லாம் ஆய்வகத்திலேயே தங்கிவிடுவார். மூன்றே ஆண்டுகளில், 1942 முதல் 1945 வரை, அவர் தனியாக எழுதிய ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. அந்தப் பணியை ஆய்வேடாக எழுதிச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்தது பல்கலைக்கழகம். ஹானர்ஸ் முடித்தவர் என்பதோ, மேசை மேல் ஐந்து கட்டுரைகள் இருந்ததோ கணக்கில் சேரவில்லை. கடைசிவரை அவர் டாக்டர் அன்னா மாணி ஆகவில்லை.

அவர் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைப் பார்த்தார் என்பது நம்முடைய அதிர்ஷ்டம். லண்டன் சென்று வானிலைக் கருவிகளில் பயிற்சி பெற்று, 1948-ல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி முதல் அத்தனையும் இறக்குமதியான காலம் அது. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே தயாரிக்க வழிசெய்தார். கருவி தவறாகக் காட்டினால் அதன் எண்ணால் யாருக்கும் பயனில்லை என்பதில் அவர் கண்டிப்பானவர். தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது அதற்கான வானிலை ஆய்வுக்கூடத்தை அமைப்பதிலும் அவர் பங்கு உண்டு. துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வுபெற்றார். அதன் பிறகும் ஓயவில்லை. இந்தியாவில் சூரிய ஒளி எங்கே எவ்வளவு விழுகிறது என்று 1980, 1981-ல் இரண்டு பெரிய நூல்களாகத் தொகுத்தார். நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியையும் முன்னின்று நடத்தினார். ஓரிடத்தில் காற்றாலையோ சூரிய மின்பலகையோ நிறுத்தலாமா என்று முடிவெடுக்க முதலில் வேண்டியது இப்படி அளந்த எண்கள்தான்.

பதவி கையில் வந்தால்

நம் காலத்தில் காட்சி கொஞ்சம் மாறியிருக்கிறது. அரியலூரைச் சேர்ந்த வளர்மதி, 2012-ல் ஏவிய ரிசாட்-1 ராடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்தார். சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் வனிதா முத்தையா. செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை வழிநடத்தினார். 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட அந்தக் கலம், 2024 ஜனவரி 6-ல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது.

இந்த மூவரும் லீவிட்டையும் ஜான்சனையும்விட அறிவில் உயர்ந்தவர்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இவர்களுடைய நியமன உத்தரவில் 'திட்ட இயக்குநர்' என்று எழுதியிருந்தது. கூட்டத்தைக் கூட்டவும், கேள்வி கேட்கவும், முடிவெடுக்கவும் அந்தச் சொல் அதிகாரம் தந்தது. லீவிட்டுக்கு அது இருந்திருந்தால், தன் அளவுகோலை எடுத்துக்கொண்டு அடுத்த அடியை அவரே வைத்திருப்பார்.

அதனால்தான் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசும்போது தியாகத்தையும் பொறுமையையும் மட்டும் புகழ்வது போதாது. அது அவர்களுக்கு இழைத்த அநியாயத்தை அலங்காரம் செய்வதாகிவிடும். இன்றும் ஆய்வகங்களில் மாதிரிகளை எண்ணுபவர்கள், கருவியின் பிழையை நீக்குபவர்கள், தரவைச் சுத்தப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். கட்டுரை வெளியாகும்போது அவர்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வருகிறதா, கடைசி வரி நன்றியறிதலோடு நிற்கிறதா? திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் இடையில் ஆய்வேட்டை முடிக்கப் போராடும் பெண்ணுக்கு விதி வளைந்து கொடுக்கிறதா, அல்லது அன்னா மாணிக்குச் சொன்ன பதிலையே வேறு சொற்களில் சொல்கிறதா? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு வழிகாட்டியும் தங்கள் பதிவேடுகளைத் திறந்தாலே பதில் தெரிந்துவிடும்.

வீடுகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. 'டிகிரி முடிச்சா போதும், ஆராய்ச்சி எல்லாம் எதுக்கு' என்ற வார்த்தை எத்தனையோ வீடுகளில் அன்போடுதான் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக வேறு ஊரில் வீடு பார்த்த ஜான்சனின் பெற்றோர் பணக்காரர்கள் இல்லை. தந்தை விவசாயமும் கூலி வேலையும் பார்த்தவர்.

பெண்களால் முடியுமா என்ற கேள்விக்கு 1912-ல் ஒரு மூன்று பக்க அறிக்கை பதில் சொல்லிவிட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருப்பது நேர விரயம். வேலையைச் செய்தவரின் பெயரைக் கட்டுரையில் போடுவது, அதற்குரிய பதவியைத் தருவது, ஆணுக்குத் தரும் சம்பளத்தைத் தருவது ஆகியவை நிர்வாகத்தின் கையில் இருக்கும் முடிவுகள். அவற்றை எடுக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.